கிரேன் அண்ணன் நின்றுகொண்டே ஜெபிக்கிறார்

“எழுபத்தாறு. கையில இருக்கற பையை இறக்கி வெச்சா எழுபத்திமூணு” என்று சொல்லிவிட்டுத்தான் கிரேன் அண்ணன் புதிதாக வந்தவரிடம் கைகொடுக்கிறார். வந்தவர் சபைக்கு மாற்றலாகி வந்த பாஸ்டராக இருந்தாலும் சரி, தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவராக இருந்தாலும் சரி, முதலில் எடை, அப்புறம்தான் நலம் விசாரிப்பு. கல்யாணத்தில் மணப்பெண்ணைப் பார்த்து “நகையோட ஐம்பத்தெட்டு” என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறார். ஒருமுறை ஆலயத்தில் யாரோ கைக்குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். “மூணு கிலோ எழுநூறு” என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்று கிலோ எழுநூற்று இருபது என்றிருந்தது. “பால் குடிச்சிருக்கும்” என்றார், விட்டுக்கொடுக்காமல்.

வீடு மாற்றித்தரும் கம்பெனி ஒன்றில் அவருக்கு முப்பத்தொரு வருட வேலை. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று ஊரில் பாதி வீட்டுச் சாமான்கள் அவர் தோளைத் தொட்டுப்போனவை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்க்குமுன் வாசற்படியின் அகலத்தைப் பார்ப்பார். படிக்கட்டில் திருப்பம் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். நேரான படிக்கட்டு அவரைப் பொறுத்தவரை விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது. “எடையைப் பாத்துப் பயப்படக் கூடாது. புடிக்க இடம் எங்கன்னு பாக்கணும். நகருங்க, நான் பாத்துக்கறேன்” என்பார். அவர் இயற்பெயரைச் சபைப் பதிவேட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனைவியே போனில் “கிரேன் வீட்டுலேர்ந்து பேசறேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலயத்தின் மாடி அறையில் ஆண்கள் வேதபாடக் குழு கூடுகிறது. விசுவாசத்தில் பலப்படுவது நோக்கம். ஏழு பேர். நடத்துபவர் மருந்துக்கடைக்காரர், அதிர்ந்து பேசாதவர், யாரையும் அவசரப்படுத்தாதவர். விளக்கம் சொல்பவர் வாத்தியார். எதிலும் ஓர் உட்பொருளைத் தோண்டியெடுக்காமல் விடமாட்டார். கிரேன் அண்ணன் ஐந்தரைக்கே வந்து, கைக்கு நாலாக நாற்காலிகளைத் தூக்கிவந்து வட்டமாகப் போட்டுவிடுவார். பாடத்திலும் அவர் பங்கு பெரியதுதான், ஆனால் வேறு திசையில். நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிவந்து, கூரையைப் பிரித்து உள்ளே இறக்கிய பகுதி வந்த வாரம், வாத்தியார் அந்த நாலு பேரின் விசுவாசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“விசுவாசம் இருக்கட்டும் வாத்தியாரே. இறக்கும்போது கால்மாட்டுல நின்னது யாரு?”

“அது சொல்லப்படலை அண்ணே.”

“அதைச் சொல்ல வேணாமா? ஏத்தறது யாரு வேணா ஏத்தலாம். இறக்கறதுதான் வேலை. ஒருத்தன் கயிறு முந்திடுச்சுன்னா நோயாளி தலைகுப்புறப் போவான். நாலு பேரும் ஒரே மூச்சுல விட்டிருக்கணும். பழகின கைங்க அதுங்க.”

அன்றைக்கு முக்கால் மணி நேரம் கயிற்றிலேயே போயிற்று. “இது வேதபாடமா, லாரி ஆபீஸா?” என்று வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டார். படுக்கையில் கிடந்தவனைப் பற்றி மட்டும் கிரேன் அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவராகத் தன் பலவீனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். ஒருவருக்குக் கோபம், ஒருவருக்குச் சோம்பல், வாத்தியாருக்குத் தன்னைவிட நன்றாகப் பேசுபவர்கள்மேல் பொறாமை. கிரேன் அண்ணன் முறை வரும்போது நாலு வருடமாக ஒரே பதில்தான். “கிருபையால ஒண்ணுமில்ல. பக்கத்து ஆளுக்குப் போங்க.” பெருமையாக அல்ல, வீட்டில் எல்லாரும் சுகம் என்பதுபோலத்தான் சொல்வார்.

பக்கத்து ஆள் அவருடைய மாப்பிள்ளை. ஒரே மகளைக் கட்டியவர், கம்ப்யூட்டர் வேலை, மெலிந்த தேகம். பெண் பார்க்க வந்த அன்றே “ஐம்பத்திநாலு, கண்ணாடியோட” என்று கிரேன் அண்ணன் மனத்துக்குள் குறித்துக்கொண்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணமான மறுமாதமே “வாங்க மாப்பிள்ளை, நாலு ஆம்பளைங்களோட பழகினா ஒரு தெம்பு வரும்” என்று குழுவுக்கு அழைத்துவந்துவிட்டார். தெம்பு எப்படியிருக்கும் என்று தானே உதாரணமாக இருந்து காட்டுவதாக அவருக்கு ஓர் எண்ணம்.

அந்த உதாரணத்துக்குத்தான் இரண்டு மாதம் முன்பு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு வாஷிங் மெஷினை இறக்கும்போது முதுகுக்குள் ‘டக்’ என்றது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்பில் இரண்டு இடத்தைத் தொட்டுக்காட்டி, ஐந்து கிலோவுக்குமேல் தூக்கக் கூடாது என்றார். இன்னொரு தடவை அப்படி ஆனால் கால் வராமலே போகலாம் என்றும் சொன்னார். ஐந்து கிலோ! கிரேன் அண்ணன் தன் சாப்பாட்டுப் பையையே தூக்கிப் பார்த்துச் சந்தேகப்பட்டார். கம்பெனியில் அவர் இப்போது மேஸ்திரி என்பதால் சமாளித்தார். கையை நீட்டி நீட்டி அதட்டினாலே வேலை நடக்கிறது. சட்டைக்குள் இடுப்புப் பெல்ட் போட்டுக்கொண்டார். விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைதான் சங்கடம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாது. முழங்காலிட்டால் அவ்வளவுதான், ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும். முதல் வாரம் “நாற்காலியெல்லாம் நீங்களே எடுத்துப் போடுங்க, உங்களுக்கும் பழகணும்ல” என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நின்றார். பாடம் முழுக்க நின்றார். எல்லாரும் முழங்காலிட்டபோதும் நின்றார்.

“என்ன அண்ணே, உக்காரலையா?” என்றார் வாத்தியார்.

அகப்பட்டதைச் சொன்னார் கிரேன் அண்ணன். “நின்னுக்கிட்டே கேட்டாத்தான் வசனம் நேரா உள்ள இறங்குது.”

வேறு யாராவது கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். கேட்டவர் வாத்தியார். அவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். ராஜாவுக்கு முன்னால் யாராவது உட்காருவார்களா? ஊழியக்காரன் நிற்க வேண்டாமா? அடுத்த வாரம் வாத்தியாரும் நின்றார். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். நாலாவது வாரம் நாற்காலிகளை மடித்து மூலையில் சாய்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் பாஸ்டர், நம் ஆண்கள் ஒன்றரை மணி நேரம் நின்றபடியே வேதம் படிக்கிறார்கள் என்று மனமுருகிச் சொன்னார். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வாத்தியாருக்கு ஏற்கெனவே காலில் நரம்புச் சுருட்டல். வலது காலில் கொஞ்ச நேரம், இடது காலில் கொஞ்ச நேரம் என்று கொக்குபோல மாறி மாறி நின்றுகொண்டு, வலியைப் பரவசம் என்று நம்பிக்கொண்டிருந்தார். கிரேன் அண்ணனுக்கு அவரைப் பார்க்கவே கூசியது. தன் ஒரு முதுகுக்காகப் பன்னிரண்டு கால்கள் வலிக்கின்றனவே என்று ராத்திரி புரண்டு படுக்க முயன்றார், புரளவும் முடியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பியானோ வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்பது சரியல்ல, அது ஒன்பது வருடமாக அந்த மாடி அறையிலேயே மூலையில் இருந்தது. கீழே ஆராதனை மண்டபத்தில் கூரை வேலை நடந்தபோது அதை மேலே ஏற்றியவர் கிரேன் அண்ணன்தான். உதவிக்கு இரண்டே ஆட்கள். பதினெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம். சபையில் இன்றைக்கும் அதைப் பேசுவார்கள். இப்போது அதைக் கீழே இறக்கிச் சரிசெய்யலாம் என்று முடிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை பாடம் முடிந்ததும் ஆண்கள் குழுவே இறக்கிவிடட்டும் என்றார் பாஸ்டர். ஆறு தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின.

“இருநூத்தி இருபது” என்றார் கிரேன் அண்ணன். வாய் பழக்கத்தில் எடையைச் சொல்லிவிட்டது. அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். “முடியாதுன்னு சொன்னா நாக்கா தேஞ்சுடும்?”

“மாப்பிள்ளை முன்னாடியா? கிரேன் ரிப்பேர்னு கழுத்துல போர்டு மாட்டிக்கச் சொல்றியா?”

“நாளைக்குப் படுத்துட்டா உங்களைத் தூக்கப்போறது அந்த மாப்பிள்ளைதான். அதையும் யோசிங்க.”

யோசித்தார். அதை யோசித்ததால்தான் இன்னும் சொல்ல முடியாமல் போயிற்று. தன் எடை அவருக்குத் தெரியும், தொண்ணூற்றிரண்டு.

சனிக்கிழமை விடியலில் வேலைக்குப் போடும் கனமான ஷூவை எடுத்தார். இரண்டு மாதமாக அவருக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவது மனைவிதான். அன்றைக்கு மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “அங்க உண்மையைச் சொல்லுவேன்னு சொல்லுங்க, கட்டறேன்.” கிரேன் அண்ணன் ரோஷத்தோடு காலை நுழைத்து, லேஸ் முனைகளைக் கட்டைவிரலால் முடிந்தவரை உள்ளே தள்ளிவிட்டு நடந்தார்.

பாடம் முடிந்தது. நின்றபடியே பலவீனம் சொல்லும் நேரம் வந்தது. கிரேன் அண்ணன் தொண்டையைச் செருமினார். மருந்துக்கடைக்காரர் வழக்கத்தைவிட நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தது பழைய பாட்டுதான். “கிருபையால ஒண்ணுமில்ல. பக்கத்து ஆளுக்குப் போங்க.”

பக்கத்து ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குப் பயமா இருக்கு. இந்த பியானோவை நெனச்சு ஒரு வாரமா தூக்கமே இல்ல. வீட்டுல கேஸ் சிலிண்டரைத் தூக்கித் தூக்கிப் பழகினேன். முந்தாநேத்து கால்ல போட்டுக்கிட்டேன்” என்று செருப்பிலிருந்து வலது காலை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. “மாமா ஒரு பக்கம் புடிக்கும்போது நான் கைவிட்டுட்டேன்னா, மாமாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் பயம்.”

மருந்துக்கடைக்காரர் அவருக்காக ஜெபித்தார். கிரேன் அண்ணனால் ஆமென் சொல்ல முடியவில்லை.

பியானோவுக்குத் தூக்கும் பட்டை போட்டார்கள். படிக்கட்டின் மேல்முனையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கீழ்ப்பக்கம் நிற்பவன் மேல்தான் முழு எடையும் வரும், அது எப்போதும் கிரேன் அண்ணன் இடம். மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே அங்கே போய் நின்றார். “இன்னிக்கு நான் நிக்கறேன் மாமா. நீங்க மேல புடிச்சுக்கங்க. உங்க கை மேல இருந்தா எனக்குத் தைரியம்.”

கிரேன் அண்ணனுக்கு ஒரு கணம் ‘அப்பாடா’ என்றிருந்தது. மறுகணம் முப்பத்தொரு வருடத் தொழில் கண்ணில் படம்போல் ஓடியது. திருப்பத்தில் முதுகு ‘டக்’ என்னும். கை தானாக விடும். இருநூற்றிருபது கிலோ ஐம்பத்துநாலு கிலோவின் மேல் இறங்கும். மகள் முகம் வந்து நின்றது.

“அண்ணே, லேஸ் அவுந்து கெடக்கு” என்றார் வாத்தியார். “கட்டிட்டு வாங்க. நாங்க புடிச்சிருக்கோம்.”

எல்லாரும் காத்திருந்தார்கள். கிரேன் அண்ணன் தன் ஷூவைப் பார்த்தார். உலகத்தில் அவ்வளவு தூரத்தில் வேறொன்றும் இல்லை.

“பட்டையைக் கழட்டுங்க” என்றார். “பியானோ எறங்காது. கம்பெனி ஆளுங்க வந்து அடுத்த வாரம் எறக்குவாங்க. மாப்பிள்ளை, நீங்க மொதல்ல அங்கேர்ந்து வெளிய வாங்க.”

“ஏன் மாமா?”

“என்னால குனியவே முடியாது. ரெண்டு மாசமாச்சு. முதுகு போச்சு. ஒரு குடம் தண்ணி தூக்க எனக்கு வக்கில்ல.”

வாத்தியாருக்குத்தான் முதலில் உறைத்தது. “அப்ப அந்த நின்னுக்கிட்டே ஜெபம்?”

“முட்டி போட்டா எந்திரிக்க முடியாது வாத்தியாரே. மன்னிச்சுக்கங்க.”

வாத்தியார் மடித்து வைத்த நாற்காலிகளில் ஒன்றை விரித்து, “ஆண்டவரே” என்று அடிவயிற்றிலிருந்து முனகிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு வாரத்தில் அந்த அறையில் செய்யப்பட்ட மிக உண்மையான ஜெபம் அதுதான்.

“பெல்ட்டை ராத்திரி கழட்டிடணும்னு அக்காகிட்ட சொல்லியனுப்பினேனே, கழட்டறீங்களா?” என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“வாங்கினது நம்ம கடையிலதானே அண்ணே.”

கிரேன் அண்ணன் இறங்கிப்போய்விடத் திரும்பினார். லேஸ் இரண்டும் தரையில் இழுபட்டன. மாப்பிள்ளை வந்து குறுக்கே நின்று, வீங்கிய விரலை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தார்.

“ஐயையோ, நீங்க எதுக்கு மாப்பிள்ளை? விடுங்க. உங்க மாமியார் கட்டுவா. அவ கேட்டா என்னைத்தான் திட்டுவா.” காலைப் பின்னுக்கு இழுத்தார்.

“ஆடாம நில்லுங்க மாமா.”

மாப்பிள்ளை வலது கால் லேஸை இழுத்து, முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார். கிரேன் அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு பியானோவின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, இடது காலையும் மாப்பிள்ளையிடம் நீட்டினார்.