ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மனு

எங்கள் கேன்டீனில் வாரம் இரண்டு முட்டை வேண்டுமென்றால் ஐந்து முட்டை கேட்க வேண்டும். ஐந்தும் எதற்கு என்று காரணமும் எழுத வேண்டும். உலைக்கு முன்னால் நிற்கிறவன் உடம்பு எப்படி வற்றிப்போகிறது, முட்டை இல்லாமல் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்றெல்லாம் எழுதுவோம். விழுந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கற்பனையில் விழுந்தவர்கள். ஒன்றுகூடத் தர முடியாது என்று நிர்வாகம் முறைக்கும். எட்டு மாதம் இழுத்தபின் இரண்டு பக்கமும் இரண்டில் வந்து நிற்போம். கைகுலுக்கி, டீ குடித்துவிட்டுக் கலைவோம். எழுதினதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. எண்ணூர் ஹை ரோட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். அதில் ஏழு வருஷம் சங்கக் கமிட்டியில் இருந்து கற்றுக்கொண்டது இதுதான்.

என் மகளைப் பார்ப்பதற்கும் இதே வழியில்தான் போனேன்.

நானும் என் மனைவியும் பிரிந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. பிரிந்ததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. எனக்குக் கோபம் வரும். வந்தால் கத்துவேன், கையில் இருப்பதைச் சுவரில் எறிவேன். ஆளை அடித்ததில்லை என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தால், பீரோவில் அவர்கள் இரண்டு பேர் துணியும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ராயபுரத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என் மனைவி.

அப்போது யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் மகளை என்னிடம் விடுவாள். நான் காசிமேட்டுக்கோ வண்ணாரப்பேட்டைக்கோ கூட்டிப் போய், சாப்பிட வைத்து, மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டுத் தெருமுனையில் கொண்டுவந்து விடுவேன். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் போயிற்று. ஒரு வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒரு ஞாயிறு காய்ச்சல் என்றாள். அடுத்த ஞாயிறு அக்கா பையனுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா. அதற்கடுத்தது ஏதோ பரீட்சை. அந்த மூன்றாவது ஞாயிறு நான் சர்ச் வாசலிலேயே கத்தினேன். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று முழுவதையும் கேட்டார்கள்.

என் மனைவி சத்தம் போடவில்லை. “ஞாயித்துக்கெயமைன்னா அனுப்பியே ஆவணும்னு எதுல எய்தி கீது?” என்று மட்டும் கேட்டாள்.

சங்கத்துக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தை நம்பி ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. கமிட்டியில் என்னோடு இருந்த தோஸ்து ஒருவனிடம் சொன்னேன். “எய்த்துல வாங்கிடு மாமு. நம்ம வக்கீலாண்டயே போவலாம்” என்றான். நம்ம வக்கீல் என்றால், எங்கள் சங்கத்தின் வழக்குகளை நடத்துகிறவர். வேலைநீக்கம், போனஸ், ஓவர்டைம் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குடும்ப வழக்கு எத்தனை நடத்தியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

“முழு கஸ்டடி கேப்போம், தோழர். அவங்க பதறிப்போய்ப் பேச்சுவார்த்தைக்கு வருவாங்க. நாம ஞாயித்துக்கிழமையில வந்து நிப்போம்” என்றார். எனக்கு உடனே புரிந்தது. இரண்டு பேரும் சங்கம் என்கிற ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே.

முழுதாகக் கேட்டால் காரணம் வேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவருடைய ஜூனியர் இங்கிலீஷில் தட்டினார். மருந்துக் கடை வேலை முடிந்து மனைவி வீடு திரும்ப எட்டு மணி ஆகும், அது உண்மை. அதுவரை குழந்தை தனியாகக் கிடக்கிறது என்று சேர்த்தேன். வீட்டில் பெரியம்மா இருப்பதைச் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுதாததற்கு மனைவி ஒரு முறை மகளைக் கரண்டியால் கையில் தட்டியிருந்தாள், அது ‘அடிக்கடி அடிக்கிறார்’ ஆயிற்று. ஒரு ஞாயிறு மகள் என்னிடம் பசிக்கிறது என்றாள். அது ‘இரவு உணவு தருவதில்லை’ ஆயிற்று. தட்டி முடித்ததும் ஜூனியர் தமிழில் சொல்லிக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இல்லை. ஒரு நல்ல கோரிக்கைப் பட்டியல் தயாரித்த திருப்திதான் இருந்தது.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிறு, வழக்கம்போல சர்ச் வாசலில் போய் நின்றேன். பூசை முடிந்து கூட்டம் முழுவதும் கலைந்தது. இரண்டு பேரும் வரவில்லை. வேறு நேரத்துப் பூசைக்கு மாறிவிட்டார்கள் என்று மெழுகுவத்தி விற்கிற அம்மா சொன்னார். போன் போட்டால் மனைவி என் நம்பரை பிளாக் செய்திருந்தாள்.

முதலில் நான் கலங்கவில்லை. நிர்வாகம் ஆரம்பத்தில் முறைக்கத்தான் செய்யும். ஒரு மாதம் போனது, பிறகு இன்னொன்று. வழக்கு நிலவரம் பார்க்கிற ஆப்பை போனில் ஏற்றி வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் நடுவில் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பேன். அடுத்த வாய்தாத் தேதி காலையில் இருந்ததுதான் சாயங்காலமும் இருக்கும். வாய்தா அன்று பாரிமுனை கோர்ட்டில் பெயர் கூப்பிடும்வரை என்னால் பெஞ்சில் உட்கார முடியாது. வராந்தாவை அளந்துகொண்டே இருப்பேன். வராந்தாவின் அந்தக் கோடியில் மனைவி தன் அக்காவோடு உட்கார்ந்திருப்பாள், நான் அவர்கள் பக்கம் நெருங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெயர் கூப்பிடுவார்கள், ஜூனியர் தேதி கேட்பார், வீட்டுக்குப் போவோம்.

அவளுடைய பதில் மனு வந்தது. நான் சுவரில் எறிந்த டிபன் பாக்ஸ், உடைந்த கண்ணாடி, சர்ச் வாசலில் போட்ட சத்தம் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட மிகை இல்லை. அவளுக்கும் என் வக்கீலைப்போல் ஒருவர் கிடைத்து, அவளும் என்னைப்போல் அளந்துவிட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கோர்ட்டில் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த வயதான கவுன்சிலர் அம்மா நிதானமாக மனுவைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார். “குழந்தைக்கு ராத்திரி சாப்பாடு குடுக்கறதில்லன்னு எழுதியிருக்கீங்க. நேர்ல பாத்தீங்களா?”

அது வந்து, வக்கீல்தான் அப்படி எழுதினார் என்று மழுப்பினேன். அடுத்த நாற்காலியில் இருந்த என் மனைவி அப்போதுதான் அழுதாள். டிபன் பாக்ஸ் பறந்த நாளில்கூட அவள் அழுததில்லை. அவள் இனிமேல் என்னோடு பேரத்துக்கு வரவே மாட்டாள் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

ஏழு மாதம் மகளைப் பார்க்கவில்லை. ஒரு வாய்தா அன்று வராந்தாவில் நடந்து நடந்து, அலுத்துப்போய் வளாகத்தைச் சுற்றினேன். இலவச சட்ட உதவி மையம் என்ற போர்டு கண்ணில் பட்டது. அது பெண்களுக்கு மட்டும் என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்புகிறோம். யாரிடமாவது கோபப்பட வேண்டும்போல் இருந்ததால் உள்ளே போனேன், “ஆம்பளைக்குன்னு எதுவும் கிடையாதா சார்?” என்றேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். “தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உண்டு. சட்டத்துலயே இருக்கு. ஐடி கார்டு, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து அப்ளிகேஷன் எழுதுங்க” என்றார். ஏழு வருஷம் கமிட்டியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாமல் தொழிலாளிக்கு ஒரு சட்டம் இருந்திருக்கிறது. வக்கீலை மாற்றுவதற்குப் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அவரும் நிம்மதியாகப் போட்டுக் கொடுத்தார்.

எனக்கு ஒதுக்கிய வக்கீல், காசிமேட்டுப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். என் மனுவை முழுவதும் படித்துவிட்டு மூடினாள்.

“அண்ணா, உங்களுக்கு இன்னா வேணும்?”

“ஞாயித்துக்கெயமை. பெரிய லீவுல பாதி.”

“அது இதுல எங்க கீது, காட்டுங்க.”

பக்கங்களைப் புரட்டினேன். எங்கேயும் இல்லை. கடைசியில் வந்து நிற்கப்போகிற இடத்தைப் பட்டியலில் யாராவது எழுதுவார்களா?

“நீங்க ஜெயிச்சீங்களா, அண்ணி ஜெயிச்சாங்களான்னு இங்க யாரும் பாக்க மாட்டாங்க. கொயந்தைக்கு எது நல்லதோ அதான் கணக்கு” என்றாள். “பொண்ணு ரெண்டு வருஷமா அம்மாவாண்ட கீது. இஸ்கூலுக்கு ஒயுங்கா போவுது. அத இன்னாத்துக்குக் கலைக்கணும்னு ஜட்ஜ் கேப்பாரு, நம்ம கையில பதில் இல்ல. ஆனா பொண்ண பாக்கணும்னு கேட்டா, ஒரு அப்பாவுக்கு அத சும்மாலாம் இல்லன்னு சொல்லிட மாட்டாங்க. இன்னோண்ணு. இங்க நீங்க எய்தற ஒவ்வொரு வரியும் அந்த வூட்டுக்குப் போவும்.”

வழி சொன்னாள். முழு கஸ்டடி கேட்பதை விட்டுவிடுகிறேன் என்று ஒரு மெமோ. சாப்பாடு, அடி பற்றி எழுதியதையெல்லாம் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு பிரமாண வாக்குமூலம். மகளைப் பார்க்க அனுமதி கேட்டு இடைக்காலமாக ஒரு மனு. மூன்றும் சேர்ந்து நான்கே பக்கம் வரும் என்றாள்.

வாபஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சூடு ஏறிவிட்டது. கொடுத்த கோரிக்கையை எழுத்தில் வாபஸ் வாங்கியவனைச் சங்கத்தில் யார் மதிப்பார்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். மெட்ரோவுக்குப் போகாமல், துறைமுகச் சுவரை ஒட்டி வடக்கே நடக்க ஆரம்பித்தேன். கன்டெய்னர் லாரிகள் கேட்டுக்குள் போக வரிசையில் நின்றன. வெயிலிலும் புகையிலும், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், நேற்று வந்தவள் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். ஒரு டிரைவர் என்னைத் தெரிந்தவன் என்று நினைத்துக் கை காட்டினார். ராயபுரத்தில் அக்கா வீட்டுத் தெருமுனைக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அங்கே நின்றிருந்தால் மகளைப் பார்த்திருக்கலாம். நிற்கிறவனை அவள் பார்த்தால் என்ன செய்வாள் என்று நினைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உலை வாயில் இருபது வருஷம் நின்றவன், பதினோரு வயதுப் பிள்ளைக்குப் பயந்து வேகமாகத் தெருவைக் கடந்தேன். மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போய் மூன்று காகிதத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

இந்த முறை மனைவி பதில் மனு போடவில்லை. ஜட்ஜ் கேட்டபோது, “பாப்பா பாக்கணும்னா பாக்கட்டும்” என்றாள். இரண்டு சனிக்கிழமை, கோர்ட்டிலேயே இருக்கிற குழந்தைகள் அறையில், இரண்டிரண்டு மணி நேரம். பிள்ளைக்குச் சங்கடம் இல்லையென்று தெரிந்தால், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பேசலாம் என்று உத்தரவு.

முதல் சனிக்கிழமை காலையிலேயே வண்ணாரப்பேட்டைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். அவளுக்கு இப்போது என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. ஒன்றும் வாங்காமல் வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தேன். அந்த அறை சின்னப் பிள்ளைகளுக்கானது. பிளாஸ்டிக் சறுக்குமரம், சுவரில் யானை, முயல். மகளை வாசலில் விட்டுவிட்டு மனைவி வெளியே போனாள். மகள் வளர்ந்திருந்தாள். குட்டி நாற்காலியில் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ள உட்கார்ந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம், டீச்சர், பெரியம்மா என்று நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் குறுக்கிட்டாள். “நீ கோர்ட்டுல குடுத்தத நான் படிச்சேன். பீரோ மேல இருந்துச்சு.”

“அது இங்கிலீஷ்ல இல்ல இருக்கும்?”

“தெரியும். நாலாவது பக்கத்துல, அம்மா எனக்கு நைட்டு சாப்பாடே தர்றதில்லன்னு இருக்கு. யாரு சொன்னா?”

கவுன்சிலிங் அறையில் சொன்னதுபோல் வக்கீல் தலையில் போட வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். “நான்தான்” என்றேன்.

“பொய்தானே?”

“பொய்தான்.”

“ஏன்பா?”

நிறைய கேட்டால்தான் கொஞ்சமாவது தருவார்கள், அதற்காக எழுதினது என்று விளக்கினேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பிறகு, “அப்போ, நான் உன்கூடவே இருக்கணும்னு கேட்டியே, அதுவும் சும்மாவா?” என்றாள்.

இது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. “சும்மா இல்லம்மா. எனக்கு நீ தினமும் வேணும். ஆனா எனக்கு ஷிஃப்ட்டு, கோவம் வேற வருது. நீ அம்மாகூட இருந்தாதான் நல்லா இருப்ப, அது எனக்குத் தெரியும். வாரத்துல ஒரு நாளாவது உன்ன பாக்காம என்னால இருக்க முடியல. அவ்ளோதான்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.



“இதையே எழுதியிருக்கலாம்லபா” என்றாள்.