மூன்று வெள்ளிக் குப்பிகளும் நான் பட்ட பாடும்

மாதா கோயிலில் கோயில்பிள்ளை வேலைக்குப் பக்தி போதும் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வந்து சாவியை வாங்கிப் பார்க்கட்டும். மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லாரிடமும் திட்டு வாங்கிய என் போன்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் இருந்த ராயபுரம் கோயிலில் அதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு: ஸ்பெயின் தேசத்து வெள்ளிக் குப்பிகள் மூன்று. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த ஒரு சாமியார் விட்டுப்போனவை. மந்திரித்த எண்ணெய் வைக்க மட்டுமே அவை.

தேய்ந்த எழுத்து

ஞானஸ்நானத்துக்கு ஒரு எண்ணெய், வளர்ந்த பிள்ளைகளின் உறுதிப்பூசுதலுக்கு ஒன்று, சாகக் கிடப்பவர்களுக்கு ஒன்று. எது எதில் என்று தெரிய, மூடிக்கு ஒரு எழுத்து. பழசானதால் ஏற்கெனவே மங்கல். திருநாளுக்கு முன்னால் விளக்குத் துலக்க வரும் தெரேசம்மாள், நான் மணிக்கூண்டில் இருந்த நேரம் பார்த்து, குப்பிகளையும் எடுத்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிட்டாள். இறங்கி வந்து பார்த்தால் இரண்டு மூடியில் எழுத்தே இல்லை!

உறுதிப்பூசுதல் எண்ணெயில் வாசனைத் தைலம் கலந்திருக்கும், மோந்தால் தெரியும். மற்ற இரண்டும் வெறும் ஒலிவ எண்ணெய். எது குழந்தைக்கு, எது சாகிறவனுக்கு? எங்கள் கோயில் சாமியார் இரண்டையும் விளக்கில் ஊற்றி எரித்துவிட்டு, எண்ணெய் மந்திரித்துத் தரும் பிஷப் மேற்றிராணியார் வீட்டுக்கு டிராம் ஏறிப் போய் வேறு வாங்கி வா என்றார். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். தெரேசம்மாள் மூன்றாவது மூடியைத் திருப்பிப் பார்த்துச் சொன்னாள்: “இதுல இன்னும் கொஞ்சம் கிறுக்கல் கீது நைனா, நாளைக்கு வந்து தேய்ச்சிட்றேன்.”

வாசலை மறித்தவள்

காசிமேட்டில் அந்தோணி என்ற மீன்பிடிக்காரன் விஷஜுரத்தில் கிடந்தான். டாக்டர் கையை விரித்துவிட்டார். அவன் தாயார் ஆளனுப்ப, சாமியாரும் நானும் குப்பியோடு ஓடினோம். அவன் மனைவி மரியா வாசலில் குறுக்கே நின்றாள். “இந்த டப்பி வந்த வூட்ல எவன் பொழைச்சான்? என் புருசன் கண்ணுல இத்த காட்டாதீங்க!” கெஞ்சிக் கெஞ்சி எங்கள் வாய் வலித்தது. கடைசியில் அந்தோணியே உள்ளேயிருந்து, “வுடும்மே, வரட்டும்” என்றான். எண்ணெய் பூசி முடிக்கும்வரை அவள் சுவரில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

பத்தாம் நாள் அவன் எழுந்து கஞ்சி குடித்தான். அடுத்த மாதம் கடலுக்கே போய்விட்டான். மரியா ஒரு காலி சீசாவோடு கோயிலுக்கு வந்து நின்றாள். “அந்த எண்ணெ கொஞ்சம் ஊத்து நைனா, எங்க மாமியாருக்கு முட்டி வலி.”

துரையின் கைக்குட்டை

பழைய வெள்ளிச் சாமான் சேர்க்கும் கப்பல் துரை ஒருவர் பட்லரோடு வந்தார். சாமியார் ஊரில் இல்லை. குப்பிகளைக் காட்டியது என் தப்புதான். தட்டானின் முத்திரை அடியில் இருக்கிறதா என்று பார்க்க, மூடி திறந்திருந்த குப்பியை அப்படியே கவிழ்த்தார். எண்ணெய் முழுக்கத் தரையில்! நான் பதறுவதற்குள் பட்டுக் கைக்குட்டையால் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மந்திரித்த எண்ணெய் பட்ட துணியை எரிக்க வேண்டும், கைக்குட்டையைக் கொடுங்கள் என்று மன்றாடினேன். பட்லர் துரையிடம் பேசிவிட்டுத் திரும்பினான். “தர மாட்டாராம். வேணும்னா வூட்டுல நல்ல தேங்காண்ணெ கீது, அனுப்பட்டான்னு கேக்கறாரு.”

திறக்காத மூடி

துறைமுகத்தில் கரி சுமக்கும் சவரிமுத்து, கப்பல் பலகையிலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கி வீட்டில் கிடந்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, உப்புக் காற்றில் குப்பியின் மூடி இறுகிவிட்டது. சாமியார் திருகினார், நான் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தேன். அசையவில்லை. அவன் பெண்சாதி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலுக்கு வெளியே பக்கத்து வீட்டு காதர் பாய், பாய்லர் ஃபிட்டர். குழாயடிச் சண்டையில் சவரிமுத்துவோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அதனால் உள்ளே வராமல் நின்றார். “நான் தொடலாமா சாமி?” என்று கேட்டார். சாமியார் குப்பியை நீட்டினார். அவர் உள்ளே வந்து, விளக்கில் மூடியைச் சூடுகாட்டி, லுங்கி முனையால் பிடித்து ஒரே திருகு. திறந்துகொண்டது. சவரிமுத்துவின் கை மெல்ல நகர்ந்து அவர் கையைப் பிடித்தது. எண்ணெய் பூசிய சிறிது நேரத்தில், அந்தப் பிடியிலேயே அவன் போய்விட்டான்.

வெளியே வந்ததும் குப்பியைச் சனியன் என்று திட்டித் தீர்த்தேன். காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அத்த திட்டாத நைனா, அது சீக்கிரம் தொறந்திருந்தா நான் வெளியவே நின்னுகினு இருந்திருப்பேன்.”

இதில் எதற்குமே ஜெபப் புத்தகத்தில் ஜெபம் கிடையாது, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.