அப்பாவியில் முறிந்த வரி

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். திருமங்கலத்தில் ஓர் அறையில் தனியே உட்கார்ந்து, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளை லேடெக்ஸ் என்ற கணினி மென்பொருளில் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். எல்லாம் வாட்ஸப்பில்தான். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவர்களுக்கும்.

சோழவந்தான் பெண் ஒருத்தியின் கணித ஆய்வேடு வந்தது. திருத்தம் அனுப்பும்போதெல்லாம் கடைசியில் ‘சாப்டீங்களாண்ணே?’ என்று கேட்பாள். அந்த மூன்று மாதமும் நேரத்துக்குச் சாப்பிட்டேன். ஆய்வேடு ஆங்கிலம்; நன்றியுரை மட்டும் தமிழ். ‘அப்பாவுக்கு வெத்தலக் கொடிக்கால்ணே. அந்த ஒரு பக்கந்தான் அவருக்கு வாசிக்க வரும்’ என்று எழுதியிருந்தாள்.

வரியை நிரப்ப, லேடெக்ஸ் தானாகவே சொல்லை முறித்து, சிறுகோடு போட்டு, மீதியை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். முறிக்கக் கூடாத சொற்களை நாம்தான் முன்கூட்டியே பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் போட்டிருந்தேன். தமிழ்ப் பக்கத்தை ஏனோ விட்டுவிட்டேன்.

அனுப்பி இரண்டு நாள் கழித்து, மனசு கேட்காமல் செல்போனில் திறந்து பார்த்தேன். ‘அப்பாவினுடைய’ முறிந்திருந்தது. வரியின் கடைசியில் ‘என் அப்பாவி-’. அடுத்த வரியில் ‘னுடைய உழைப்பே இந்த ஆய்வு’.

மகள் கேலி செய்ததாக அவர் நினைத்துவிட்டால்? போன் அடித்தேன், எடுக்கவில்லை. அன்று மதியம் அப்பாவோடு பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள பைண்டிங் கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்த்தேன். சொல் முழுசாகக் கீழே இறங்கியது. மேல் வரியில் மற்ற சொற்கள் தள்ளித் தள்ளி நின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, ஃபைலில் வைத்து, பஸ் ஏறினேன்.

கடையில் ஒரு பெரியவர் கறுப்பு அட்டை ஆய்வேட்டை விரித்து, விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள்.

“என் அப்பாவி...” நிறுத்தினார். “ஏத்தா, அச்சடிச்சே குடுத்துட்டியா?”

அவள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். “அடுத்த வரியோட சேத்து வாசிங்கப்பா.”

“எதுக்குச் சேக்கணும்? ஒங்கம்மாகிட்ட இந்த ஒரு வரியக் காட்டுனாப் போதும். நான் சொன்னா எங்க நம்புறா?”

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தை அமைத்தவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பினாள்.

“ஒங்களுக்கும் பைண்டிங்காண்ணே? வாங்க, எங்களுது முடிஞ்சிருச்சு.”

“ஆமாம்மா.”

அவர்கள் பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனார்கள். கடைக்காரர் கை நீட்டினார்.

“எம்புட்டுப் பக்கம்ணே?”

“ஒண்ணுதான்.”

ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒத்தப் பக்கத்த எதுக்குண்ணே பைண்ட் பண்றீங்க?”