கண் அச்சு விலகிய நரி

ஆர்டர் இல்லையாம். "நாளைல இருந்து வர வேண்டாங்க" என்று சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் பனியன் கம்பெனியில் டேமேஜ் துணியைப் பார்த்து ஒதுக்கும் செக்கிங்கில் இருந்த எல்லோருக்கும் அதே பேச்சுதான்.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்ட எனக்கு, மகள் மிருகச் சீட்டு விளையாடக் கற்றுக்கொடுத்தாள். சீட்டைக் கலைக்கும்போது பார்த்தேன், நரியின் கண்ணில் அச்சு விலகியிருந்தது. என் கை தானாகவே அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டது.

சிங்கம் அவளுக்குப் போனது. நான் எந்த மிருகத்தைப் போட்டாலும் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நரியக் காணோமேங்ம்மா?"

"அது டேமேஜ் கண்ணு. ஒதுக்கிட்டேன்."

"ஐயோ, சிங்கத்த ஜெயிக்கறதே அந்த நரி ஒண்ணுதானுங்ம்மா!"

எந்தக் கம்பெனியிலாவது செக்கிங்குக்கு ஆள் எடுத்தால் சொல்லுங்கள். என் கண்ணுக்கு ஒரு டேமேஜும் தப்பாது. வேண்டுமானால் அந்த நரியைக் கேட்டுப் பாருங்கள்.