கண்ணாடியை ஏற்றி ஓட்டிய மழைக்காலம்

கராடி அடுக்ககங்களுக்கு இட்லி மாவு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. வண்டி, என் கணவரின் அண்ணன் ஓட்டிய பழைய பிக்கப். நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். வண்டியோடு அவருடைய தலை எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்திருக்கிறது என்று கேலி செய்வேன்.

மழைக்காலம் தொடங்கியதும் டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்தது. கூடவே என் கணவருக்குத் தலைவலியும் வந்தது. வீடு திரும்பியதும் சுருண்டு படுப்பார். பிறகு, இன்றைக்கு அண்ணன் விமான் நகர் வரை கூட வந்தார் என்பார், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல.

பேய் பிசாசுக்கெல்லாம் ஒதுக்க எனக்கு நேரம் கிடையாது. மனுஷனுக்குத் தூக்கம் போதவில்லை என்று நினைத்து ஒருநாள் நானும் ஏறிக்கொண்டேன். மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒற்றை சீட். மழைக்காக இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். பாதி வழியில் தலை கனத்தது. அந்த எண்ணெய் வாசனை வந்தது. நடுவில் காலியாக இருந்த இடத்திலிருந்து ஒரு முழங்கால் என் முழங்காலை இடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பயம்.

அன்றே வண்டியைக் கசார்வாடி மெக்கானிக்கிடம் விட்டோம். ஆக்ஸிஜன் சென்சார் செத்துவிட்டது, பெட்ரோல் சரியாக எரியாமல் விஷப்புகை வருகிறது என்று இந்தியில் சொன்னார். புகைக்குழாயில் திருகியிருக்கும் அந்தச் சென்சாரின் மரையும் தேய்ந்திருந்ததால் புகை அந்த இடுக்கில் கசிந்து, துருப்பிடித்த தரை ஓட்டை வழியே உள்ளே ஏறியிருக்கிறது. கண்ணாடியை மூடி ஓட்டினால் முதலில் தூக்கம் வரும், இல்லாத ஆள் தெரியும், பிறகு எழுந்திருக்கவே மாட்டீர்கள் என்றார்.

புது சென்சாரின் விலையைக் கேட்டே எனக்குத் தலை சுற்றியது, அதற்குப் புகை தேவைப்படவில்லை. ஆன்லைனில் மலிவாக வாங்கியதில் பிளக் பொருந்தவில்லை. கடைசியில் பங்கார் என்று இங்கே சொல்லும் பழைய இரும்புக் கடை கடையாக ஏறி இறங்கி, விபத்தில் நொறுங்கிக் கிடந்த இதே மாடல் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி வாங்கினோம். மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பொருத்தினார். தரை ஓட்டையை மழை விட்டதும் அடைக்கலாம் என்றார். பழைய சென்சாரை என் கணவர் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

விளக்கு அணைந்தது. தலைவலி நின்றது. பெரிய மாமாவும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கணவரோ சரியாகச் சாப்பிடவில்லை, என்னிடம் முகம் கொடுத்தும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, அவர் மாவு லைன் முடித்துத் திரும்பும்போது நான் வழியில் ஏறிக்கொண்டேன். கண்ணாடிகள் மூடியிருந்தன. ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். நாங்கள் அலைந்து வாங்கிய சென்சார் அந்தத் துணியில் சுற்றி இருந்தது. பழையதை அவரே திரும்ப மாட்டியிருக்கிறார். என்னங்க இது என்று கேட்டேன். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

என் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினேன். சாரல் உள்ளே அடித்தது.

“ஏத்து,” என்றார் மெதுவாக. “அண்ணன் நனையறாரு.”

“பெரிய மாமா நனைஞ்சா நனையட்டுங்க,” என்றேன். “எனக்கு நீங்க வேணும்.”