கர்நூல் கூடாரத்துக்கு வந்த மனு

போன வாரம் திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பந்தல்மேல் போட்டிருந்த கித்தான் நனைந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டேன். அது கர்நூல் வாசனை.

ஆந்திரா தனி மாநிலமாகி, கர்நூல் தலைநகரான புதிது. கட்டடம் போதாமல் பல அலுவலகங்கள் கூடாரத்தில் நடந்தன. நான் அப்போது திருப்பதியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பொருளாதார ஆசிரியர் என்னை இரண்டு மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பினார். பகலெல்லாம் அலுவலக வேலை. வாரம் ஒரு கட்டுரை எழுதிக் கல்லூரிக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நானோ இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் சாமர்த்தியசாலி. பதிவேட்டுக்குள் பாடநோட்டை ஒளித்துப் படிப்பேன், கட்டுரையில் அலுவலக நடையைக் கொட்டுவேன்.

தலைமை குமாஸ்தா தெலுங்கர், நல்ல மனிதர். "நீக்கு அரவம் ஒச்சு கதா?", உனக்குத் தமிழ் வருமே என்று, அந்த ஒரே தகுதிக்காக, எல்லைக் கிராமங்களின் தமிழ் மனுக்களை என் மேஜையில் குவித்தார். எல்லாம் 'எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேருங்கள்' என்பவை. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சுருக்க வேண்டும். ஊர்க் குடும்பங்களின் பட்டியல் இணைக்காத மனு தனிக்கட்டுக்குப் போகும். தனிக்கட்டு மேலே போகாது.

ஒருநாள் பிரித்த உறையில் நைனாவின் கையெழுத்து. புத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்காக, கடலை பயிரிடும் என் அப்பா எழுதிய மனு. கீழே நாற்பது பேர், பாதி கைநாட்டு. பட்டியல் இல்லை.

"லிஸ்ட் லேதா? பக்கன பெட்டு," என்றார் குமாஸ்தா, தலை நிமிராமல். ஒதுக்கி வை என்று அர்த்தம்.

ஒரு கார்டு போட்டிருந்தால் நைனா ஒரே வாரத்தில் பட்டியல் அனுப்பியிருப்பார். நான் போடவில்லை. மனு எழுதியவரின் மகன் என்று தெரிந்தால் சான்றிதழ் போய்விடுமோ என்று பயம். நாளை, நாளை என்று நாலு நாள் தள்ளிவிட்டு, மனுவைத் தனிக்கட்டில் செருகினேன். அந்த வாரம் நான் அனுப்பிய கட்டுரை 'அரசும் குடிமக்களும்'. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். சிரிக்காதீர்கள்.

லீவில் ஊருக்குப் போனதும் நைனா கேட்டார்: "நம்ம மனு வந்துச்சாடா? நீ பாத்தியா?"

"அங்க ஆயிரம் மனு வருது நைனா. நான் எதக் கண்டேன்?"

"வந்துதான் இருக்கும். உன் கையில சிக்கிருக்காது." அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

சில வருஷம் கழித்து எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. ஒரு பட்டியலால் எல்லை நகர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும். நைனாவுக்குத் தெரியாது.

"நான்தாண்டா சரியா எய்தல. ஊரே என்ன நம்பிக்கினு இருந்துச்சு," என்று கொல்லை வரப்பில் உட்கார்ந்து அழுதார். அந்தச் சான்றிதழைக் காட்டி வாங்கிய அரசாங்க வேலையில் நான் இருந்தேன். பக்கத்திலேயே நின்றேன். மனு என் கையில்தான் சிக்கியது என்று சொல்லவில்லை. அவர் சாகும்வரை சொல்லவில்லை.

அந்த நாற்பது பேரில் இன்று ஒருவரும் இல்லை. ஊர்ப் பள்ளியில் தமிழ் வகுப்பை மூடியும் பல வருஷமாகிறது. போன பொங்கலுக்கு எப்படியோ தைரியம் வந்து, அறுபது வயதான தம்பி மகனிடம், "நைனா ஒரு மனு எழுதினாரே," என்று ஆரம்பித்தேன்.

"ஏ அர்ஜீ, பெதநாயனா?" எந்த மனு பெரியப்பா என்கிறான், தெலுங்கில்.

ஒன்றுமில்லை என்றேன். அதைக் கேட்டு என்னைத் திட்டக்கூட ஊரில் ஆள் மிச்சமில்லை.