சார்ஜண்ட் உயரத்துச் சைக்கிள்

ஆம்ப்ரோஸ் அத்தான் கடைக்குப் போய்ச் சட்டை எடுத்து நான் பார்த்ததில்லை. என் அக்கா பிலோமினாவைக் கோயிலில் கைப்பிடித்த அன்று அவர் போட்டிருந்த கோட்டுகூட ஒரு வெள்ளைக்கார லெப்டினன்டுடையது. சிங்கப்பூரின் செம்பவாங்கில் பட்டாளத்துக் குடும்பங்கள் குடியிருந்த பங்களாக்களில் அவருக்குத் தோட்ட வேலை. முதலில் பிரிட்டிஷ்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் போனபின் நியூசிலாந்துக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு குடும்பம் ஊர் திரும்பும். பெட்டியில் அடங்காததைத் தோட்டக்காரருக்கும் சமையல்காரிக்கும் கொடுத்துவிட்டுப் போகும். எங்கள் சாப்பாட்டு மேசை, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அப்படி வந்தவைதான்.

வந்தது எதுவும் வந்தபடி எங்களுக்குப் பொருந்தியதில்லை. ஆறடி ஆளின் கால்சட்டை ஐந்தடி மூன்றங்குல ஆளுக்கு எப்படிப் பொருந்தும்? நான் அக்கா வீட்டோடு இருந்து தையல் வேலை செய்கிறவள். கால்சட்டைகளைப் பிரித்து, வெட்டி, மறுபடி தைத்துக் கொடுப்பேன். மேசைக் கால்களை அத்தானே அறுத்துக் குட்டையாக்கினார். கவட்டிலிருந்து குதிகால் வரை அவருடைய உள்கால் அளவு இருபத்தேழரை அங்குலம். நான் அக்கா வீட்டுக்கு வந்த பதினேழு வருடத்தில் இடுப்புதான் கூடியது, குறைந்தது. கால் அப்படியே இருந்தது.

எண்பத்தொன்பதில் நியூசிலாந்துப் படை மொத்தமாக ஊர் திரும்பத் தொடங்கியது. அத்தானுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மூன்று இடங்களில் வேலை கேட்டுப் பார்த்தார். மூன்று இடத்திலும் வயதைத்தான் முதலில் கேட்டார்கள். கடைசியில் யாக்கூப் பாய் வீடு தேடி வந்தார். அரசாங்கத் திடல்களில் புல் வெட்ட ஒப்பந்தம் எடுத்திருந்தவர் அவர்.

"வேலை இருக்குண்ணே. ஆனா ஒண்ணு. ஏழு மணிக்கு லாரி மெஷினை இறக்கி வச்சிட்டுப் போயிடும். அதுக்கு முன்னால நீங்க அங்க நிக்கணும். மூணு திடலு. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போக பஸ் கிடையாது. செம்மண்ணு, மேடு. கியரு வச்ச மவுண்டன் பைக் ஒண்ணு வாங்கிக்குங்க. என் பசங்க எல்லாம் அதுலதான் வர்றானுங்க."

"எங்கிட்ட பழைய சைக்கிளு இருக்கு பாய்."

"கீழ பார்த்தேன். அதுல நீங்க ஏறிப் போவீங்களா, அது உங்க மேல ஏறி வருமா?"

ஒரு மாதம் பார்ப்பேன், ஒழுங்காக வந்தால் நிரந்தரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை அத்தான், அக்கா, நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஃபேரர் பார்க்கைத் தாண்டி, சைக்கிள் கடைகள் வரிசையாக இருந்த தெருவில் இறங்கினோம். அந்த வருடம் எல்லாக் கடை வாசலிலும் மவுண்டன் பைக்தான். விலை குறைந்ததற்குத்தான் பெயிண்ட் அதிகப் பளபளப்பு. கடை முதலாளியான சீனத் தவுக்கேயே அதன் சக்கரத்தைத் தட்டிக் காட்டி, மேடு பள்ளத்தில் ஓட்டினால் வருடம் தாங்காது என்று மலாயில் சொன்னார். தாங்கக்கூடியதாக அவர் காட்டியதன் விலையைக் கேட்டதும் அக்கா வெளியே போய் நின்றுகொண்டாள். அத்தான் ஒரு பெடலைக் கையால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்தார்.

"யோசிச்சிட்டு வர்றேன்," என்றார்.

மறுவாரம் அவர் வேலை பார்த்த பங்களாவில், கடைசியாக ஊர் திரும்பவிருந்த சார்ஜண்ட் தன் வீட்டுச் சாமான்களைப் புல்லில் பரப்பி விற்றார். மற்றவர்கள் வருவதற்கு முன்பே அத்தானைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். சார்ஜண்ட் ஓட்டிய மவுண்டன் பைக் அங்கே நின்றது. ஜப்பான் கியர், தேயாத டயர், ஒரு கையால் தூக்கக்கூடிய எடை. புதிதாக வாங்கினால் ஐந்நூறு வெள்ளிக்கு மேல். சார்ஜண்ட் கேட்டது தொண்ணூறு. ஏறி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அத்தானுக்குத் தோன்றவே இல்லை. அங்கிருந்து வந்த எதையும் அவர் போட்டுப் பார்த்து வாங்கியதில்லை.

ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அதை உருட்டிக்கொண்டு வந்ததும் கூட்டம் கூடிவிட்டது. நாலாம் மாடி பூவம்மா கையில் கூடையோடு நின்று, சைக்கிளையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏறுறதுக்கு ஏணியும் சேத்துக் குடுத்தாங்களாண்ணே?"

"சீட்டை இறக்கினா சரியாப் போச்சு லா," என்ற அத்தான், அங்கேயே உட்கார்ந்து சீட்டை அடிவரை இறக்கினார். "வந்த சாமான் எதை நாம அப்படியே வச்சிருக்கோம்? எல்லாம் வெட்டிச் சரிபண்ணதுதானே. இதை மட்டும் நம்ம ஜோசுவால வெட்ட முடியாது," என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு இறங்கிவிட்டது. சீட்டுக்கு முன்னால் போகும் கம்பி இருந்த உயரத்திலேயே இருந்தது. சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு காலின் பெருவிரலை மட்டும் ஊன்றித்தான் அவரால் நிற்க முடிந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதரின் கால் நீளத்தைப் பற்றி என்னவென்று சொல்வது? அவர் முகமும் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் தெளிந்திருந்தது. மேலே போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலைக்குப் போகத் தொடங்கியபின் அவர் சாயங்காலம் வீடு திரும்பினால், தேநீர் ஆறும் முன்பே நாற்காலியில் தலை சாய்ந்துவிடும். புல் வெட்டுவது அவருக்குப் புதிதில்லை. இந்த அசதிதான் புதிது. இரண்டாம் வாரம் அக்கா ஒரு கால்சட்டையைக் கொண்டுவந்து போட்டாள்.

"வேலியில மாட்டிக்கிச்சாம்."

வேலிக் கம்பி கிழித்தால் கிழிசல் நீளமாக வரும். இதில் கவட்டுத் தையல் நைந்து பிரிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது. அதே இடம்தான், உட்பக்கம் சிறிய ரத்தக் கறையும் இருந்தது. அதை அலசிவிட்டுத்தான் தைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் நூல் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போகும்போது, நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து அவரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் இரண்டாவது திடலில் இருந்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்ததும், மற்ற சைக்கிள்காரர்கள் கால் ஊன்றி நின்றார்கள். அத்தான் நடைபாதையின் விளிம்பைத் தேடிப் போய், அதன்மேல் ஒரு காலை வைத்து நின்றார். பச்சை எரிந்து எல்லோரும் போனபின்னும் அவரால் ஏற முடியவில்லை. இருமுறை எக்கிப் பார்த்தார். பிறகு இறங்கி, மேட்டில் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பஸ் அவரைக் கடந்து போய்விட்டது.

மறுநாள் அவர் உடம்பு வலி என்று வீட்டில் இருந்தார். மத்தியானம் கீழ்த்தளத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தரையிலிருந்து கம்பி வரை முப்பத்தோர் அங்குலம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் யாக்கூப் பாய் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அத்தான் எதிரில் இருந்தும் அக்காவைப் பார்த்தே பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. அண்ணன் வேலை சுத்தம். ஆனா நேரத்துக்கு வர முடியல. மெஷினு தனியாக் கெடக்குது. காணாமப் போனா யாரு பதில் சொல்றது? மூணாவது திடலு ஒரு நாளும் முடியறதில்ல. வயசாயிடுச்சு போல. அடுத்த மாசம் வேற ஆளு பாக்கலாம்னு இருக்கேன்."

அத்தான் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன்.

"ஆமா பாய்," என்றார். "முன்ன மாதிரி முடியல. காலு ஓஞ்சு போச்சு."

அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவரே தன் கால் ஓய்ந்துவிட்டதாக நம்பிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"வயசு இல்ல," என்றேன்.

"அங்க என்ன முனங்குற?" என்றாள் அக்கா.

"அத்தானுக்கு வயசு இல்ல. சைக்கிளு பெருசு. அத்தான் காலு இருபத்தேழரை. கம்பி முப்பத்தொண்ணு. நிறுத்தினா நிக்க முடியல. நின்னா மறுபடி ஏற முடியல. பாதி வழி தள்ளிக்கிட்டே போறாரு. அதான் லேட்டு."

யாக்கூப் பாய் அத்தான் பக்கம் திரும்பினார். "நெசமாண்ணே?"

"நல்ல வண்டி பாய் அது."

"நல்ல வண்டிதான். சார்ஜண்டுக்கு." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். "மாசம் முடிய பத்து நாளு இருக்கு. உங்க காலுக்கு ஒண்ணு பாருங்க. அதுக்கப்புறமும் லேட்டுன்னா எங்கிட்ட கோவிச்சுக்கக் கூடாது."

திங்கட்கிழமை அத்தான் லீவு சொல்லிவிட்டு, சைக்கிளை யாரோ தெரிந்தவர் லாரியில் ஏற்றிக்கொண்டு, பழஞ்சாமான் சந்தையான சுங்கை ரோட்டுக்கு வந்தார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். பழைய சைக்கிள் விற்கும் கிழவர் ஒருவர் ஏழெட்டைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கம்பிக்கும் நான் நாடாவைப் பிடித்தேன். சட்டை தைக்கப் போகிறாயா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார் அவர். முப்பது, இருபத்தொன்பதரை, மறுபடி முப்பது. கடைசியாக, ஊதா நிறத்தில் ஒன்று கிடைத்தது. கம்பி இருபத்தாறரை. பள்ளிக்கூடத்துப் பெண் யாரோ ஓட்டியது, சட்டத்தில் பூ ஒட்டியிருந்தாள். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஆடவில்லை. கியர் இறுக்கமாக விழுந்தாலும் விழுந்தது. பிரேக் ரப்பர் தேய்ந்திருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அத்தான் நாலடி தள்ளி, எங்களோடு வராதவர்போல நின்றார்.

"இது பொம்பளப் புள்ள வண்டி, ஜோசு."

"ஏறிப் பாருங்க அத்தான்."

ஏறினார். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட்டன. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி, ஊதாவுக்கு மாற்றாகச் சார்ஜண்ட் சைக்கிளைக் கிழவரிடம் நகர்த்தினார். கிழவர் அதன் கியரைப் பார்த்ததுமே பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார், அதன் மதிப்பில் அது கால் பங்குகூட இராது.

"அவுங்ககிட்டேருந்து வந்ததுல அதுதான் நல்ல சாமான்," என்றார் அத்தான். நானும் அதை மறுக்கவில்லை.

பூவைச் சுரண்டி எடுக்க முடிந்தது, ஊதாவை ஒன்றும் செய்ய முடியவில்லை. திடலில் பையன்கள், மகள் வண்டியா அங்கிள் என்று கேட்டார்களாம். "ஆமா. அவ இன்னும் பொறக்கல," என்றாராம் இவர். அக்காவும் அவரும் பிள்ளை இல்லாதவர்கள். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார், அக்காவும் சிரித்தாள்.

அதன்பின் லாரி வரும்போது அவர் திடலில் நின்றார். மாதக் கடைசியில் யாக்கூப் பாய் அவரை நிரந்தரமாக்கினார். மூன்று திடலும் நாலு மணிக்கே முடிந்துவிடுவதைப் பார்த்து, நாலாவதாக ஒன்றையும் அவர் பொறுப்பில் விட்டார்.

முதல் நாள் அதையும் வெட்டி முடித்துவிட்டு வந்த அத்தான், நாற்காலியில் உட்கார்ந்து, காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றாமல் இருந்தார்.

"சம்பளம் ஏத்துனாரா?" என்றாள் அக்கா.

"அதேதான்."

"தூரமா?"

"தூரமில்ல. மேடு ரெண்டு இருக்கு. எறங்காம ஏறிட்டேன்."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

அத்தான் குனிந்து சப்பாத்தின் கயிற்றைப் பிடித்தார், அவிழ்க்கவில்லை.

"முன்ன தள்ளிக்கிட்டு நடக்கையில கொஞ்சம் மூச்சு வாங்கிக்கலாம் பிலோ. இப்ப எறங்குறதுக்குக் காரணமே இல்ல."